அறுபத்தோராவது கூடை

கருங்கொம்பு எஸ்டேட்டில் ஒரு வழக்கு என்று வந்துவிட்டால் யாரும் போலீஸுக்குப் போக மாட்டார்கள், கோர்ட்டுக்கும் போக மாட்டார்கள். வீசுகிற வட்டத் தட்டை எடுத்துக்கொண்டு முதல் கூடைக்குப் போவார்கள். எந்தக் காலத்திலோ வந்து போன ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் மலையெங்கும் பதினெட்டு இரும்புக் கம்பங்களை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அதற்குக் கீழே ஒரு கூடையையும் மாட்டிவிட்டுப் போனார். தட்டை வீச வேண்டும், விழுந்த இடத்தில் நின்று மறுபடி வீச வேண்டும், சங்கிலியில் பட்டுக் கூடைக்குள் விழுகிற வரைக்கும் வீசிக்கொண்டே போக வேண்டும், குறைந்த வீச்சில் முடித்தவன் ஜெயித்தவன், அவ்வளவுதான் ஆட்டம். பாதிரியார் சொல்லிக்கொடுத்த ஜெபம் இன்றைக்கு எத்தனை பேர் வாயில் இருக்கிறதோ, ஆட்டம் மட்டும் எல்லார் கையிலும் இருந்தது. அண்ணன் தம்பி பசுமாட்டுக்கு அடித்துக்கொண்டாலும் தட்டு, மாரியம்மன் சப்பரம் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் எந்த லயத்து வழியாக முதலில் போவது என்றாலும் தட்டு, யூனியன் செயலாளர் யார் என்றாலும் தட்டு. ஜெயித்தவன் சொன்னது நடக்கும். தோற்றவன் ஜெயித்தவனுடைய தட்டைக் கூடையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போவான். குடிகாரனைப் பொறுத்துக்கொள்வார்கள், கடன் வாங்கி ஓடியவனைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், வேண்டுமென்றே தப்பாக வீசியவனுக்கு மட்டும் அந்த மலையில் ஒரு வாய் தண்ணீர் கிடைக்காது.

லேசான ஆட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதல் நாலு கூடைகள் தேயிலைக்குள் நல்ல பிள்ளையாக நிற்கும், ஐந்தாவது ஓடைக்கு அக்கரையில் நிற்கும், ஒன்பதாவது சவுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு ஆள் நுழையும் சந்தில் நிற்கும், பதிமூன்றாவது இருக்கிறதே, அது பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்க் குன்றில், மூடுபனி விலகினால்தான் கண்ணுக்கே தெரியும். வீசிய தட்டைத் தேடிப் போனால் அட்டை காலில் ஏறும், காட்டெருமை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் புதருக்குள் கை விட வேண்டும். ஒரு சுற்று முடித்துவிட்டு வருகிறவர்கள் இரண்டு நாளைக்கு மாடிப்படியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரில் புருஷன் பெண்டாட்டிச் சண்டைக்கு மட்டும் யாரும் தட்டு எடுத்ததில்லை. அதற்கும் எடுக்க ஆரம்பித்தால் கொழுந்து பறிக்க ஆள் இருக்காது என்பது ஒரு காரணம். ஆனால் கொழுந்து பறிக்கும் பவளக்கொடியும் ஃபேக்டரியில் இலை உலர்த்தும் அவள் புருஷன் ஞானதுரையும் ஒன்பது வருஷமாகப் போட்ட சண்டை லயத்துச் சுவர் வழியாக இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் மனப்பாடமாகிவிட்டது. பவளத்துக்கு மலையை விட்டு இறங்க வேண்டும். கீழே செங்காட்டுப்புதூரில் அவள் அக்கா மூன்று சென்ட் நிலத்தை அவளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். சமையலறை எந்தப் பக்கம், ஜன்னல் எந்தப் பக்கம் என்று பவளம் மனசுக்குள் கட்டி முடித்து வெள்ளையும் அடித்திருந்தாள். கம்பெனி வீட்டில், கம்பெனி சொல்கிற நாள் வரைக்கும் குடியிருந்து, கம்பெனி சொல்கிற நாளில் மூட்டை கட்ட அவளால் ஆகாது. ஞானதுரைக்கோ கீழே காலை வைத்தால் மூச்சு முட்டும். "அய்யாவும் அம்மாவும் இந்த மண்ணுல கெடக்காங்க, என்னையும் இங்கயே போட்டுரு" என்பான். "போடுறேன், அதுக்கு மொதல்ல நீங்க சாகணும்ல, அதுவரைக்கும் நான் எங்க இருக்க?" என்பாள் இவள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பவளமே தட்டை எடுத்து வாசலில் வைத்தாள். நான் ஜெயித்தால் இறங்குகிறோம், நீங்க ஜெயித்தால் இருக்கிறோம், அப்புறம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்றாள். ஞானதுரை மலையிலேயே பெரிய கை. அவன் தட்டு காற்றைக் கேட்டுக்கொண்டு போகும் என்பார்கள். அப்படியிருந்தும் அவன் உடனே சரி சொல்லவில்லை, இரண்டு டம்ளர் பாலில்லாத கட்டஞ்சாயா குடித்து முடித்த பிறகுதான் தலையாட்டினான். எஸ்டேட் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சூசைமாணிக்கம் சாட்சி. அவர்தான் எல்லா வழக்குக்கும் நோட்டும் பேனாவும் கொண்டு வருகிறவர், மருந்துச் சீட்டில் புரியாத அவர் கையெழுத்து அந்த நோட்டில் மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

பதினெட்டாம் கூடை முடிந்தபோது இருவருக்கும் மொத்தம் அறுபத்தாறு வீச்சு. சரிக்குச் சரி. சமமானால் மறுநாள் காலையில் இன்னொரு கூடை ஆடுவது வழக்கம், ஏதாவது பழைய கூடைக்குப் போய் ஒரே ஒரு தடவை ஆடி முடித்துவிடுவார்கள். ஆனால் மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனவர்கள் பார்த்தபோது, ரோடு கீழே இறங்க ஆரம்பிக்கிற முதல் கொண்டை ஊசி வளைவில் பத்தொன்பதாவதாக ஒரு கூடை நின்றது. பனி சொட்டும் சங்கிலி, அடியில் கொஞ்சம் துரு, கம்பத்தில் பாதிரியாரின் அதே கோணல் எழுத்தில் பத்தொன்பது. சூசைமாணிக்கம் சங்கிலியை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். "சத்தம் சரியா இருக்கு, ஆடலாம்" என்றார். ஆடினார்கள். அவளுக்கு மூன்று, அவனுக்கு மூன்று.

அதற்கடுத்த நாள் இரண்டாம் வளைவில் இருபது நின்றது. அதிலும் சமம். மூன்றாம் வளைவில் இருபத்தொன்று; அதிலும் சமம். இப்படியாக அந்த ஆட்டம் ஒரு நாளைக்கு ஒரு வளைவு, ஒரு வளைவுக்கு ஒரு கூடை என்று நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைப் பிடித்துக்கொண்டு மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. மேல் ரோட்டில் நின்று கீழ் ரோட்டுக்கு வீச வேண்டிய கூடைகள் இருந்தன, காட்டைச் சுற்றிக்கொண்டு வீச வேண்டிய கூடைகள் இருந்தன, பன்னிரண்டாம் வளைவில் அருவிக்குப் பின்னால் ஒன்று நின்றது, அதற்கு வீசிய தட்டு குளித்துவிட்டுத்தான் உள்ளே போனது. முதல் பத்து நாள் இருவரும் விடிந்ததும் ஒரு கூடை ஆடிவிட்டு மேலே வருகிற பால்கார வண்டியில் ஏறி வேலைக்கு வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் தூரம் அதிகமானதால் மேனேஜரிடம் லீவு கேட்டார்கள். காரணம் என்ன என்று மேனேஜர் கேட்டார். "ஆட்டம் முடியல சார்" என்றான் ஞானதுரை. அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, அவர் குடியிருக்கும் பங்களா அவருக்குக் கிடைத்ததே ஒன்பதாம் கூடையில் ஜெயித்துத்தான்.

கூடை எங்கிருந்து வருகிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, வந்த கூடையை என்ன செய்வது என்பதுதான் எல்லாருக்கும் வேலையாக இருந்தது. ஃபாரஸ்ட் கார்டு ஏழாம் வளைவுக் கூடையைச் சுற்றி வந்து, 'இரும்பு மரம் ஒன்று, காய்ப்பு இல்லை' என்று எழுதி மேலே அனுப்பினார். மேலேயிருந்து 'வெட்ட வேண்டாம்' என்று பதில் வந்தது. ஒன்பதாம் வளைவில் மக்காச்சோளம் அவிக்கிற பொன்னுத்தாயி கடையை நாலு அடி தள்ளிப் போட்டுக்கொண்டாள், ஆட்டம் முடிந்த கூடையில் தன் கோழி அடைக்கு உட்கார்ந்ததை இடைஞ்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் "இருவத்தெட்டாங் கூடையெல்லாம் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தார், அந்த இடத்துக்கு அதுவரை பேரே இல்லாமல் இருந்தது. கல்யாணமாகாத பெண்கள் இருபதுக்கு மேற்பட்ட எந்தக் கூடையிலும் மஞ்சள் கயிறு கட்டலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது, ஊர் வாயை மூட உலைமூடி ஏது. யானைகள் இறங்கி வந்தபோது கூடையைச் சுற்றிக்கொண்டு போயின. செக்போஸ்டில் மட்டும் ஒரு புது ஆள் இதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டார், இரண்டு நாளில் அவரும் தன் சட்டையைத் துவைத்து அந்தச் சங்கிலியில் காயப்போட்டிருந்தார்.

பவளத்துக்கு இதில் எல்லாம் மனசு போகவில்லை. ஒவ்வொரு காலையும் அவள் ஜெயிக்கத்தான் வீசினாள். முதல் வீச்சுக்கு விளிம்பு மெலிந்த தட்டு, கிட்டே போனதும் விளிம்பு தடித்த தட்டு, குறித்த இடத்துக்குப் பின்னால் கால், மூச்சை அடக்கி, மணிக்கட்டைச் சுண்டி வீசுவாள். கொழுந்து பறித்துப் பறித்து இரும்பான கை அது. ஒரு வளைவு இறங்கும்போதெல்லாம் காற்றில் ஒரு சுற்று சூடு ஏறியது, ஸ்வெட்டர் பைக்குள் போனது, சால்வை பைக்குள் போனது, அவள் சந்தோஷமாக வியர்த்தாள். ஞானதுரை ஒவ்வொரு வளைவிலும் ஒரு சுற்று மெலிந்தான். ராத்தங்கலுக்கு வழியோர வீடுகளில் இடம் கொடுத்தார்கள், சோறு போட்டார்கள், ஆனால் அவனுக்கு விசிறி இல்லாமல் சோறு இறங்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஆனாலும் பாவம் பார்த்து ஒரு தட்டைக்கூட அவள் தப்பாக வீசியதில்லை.

அடிவாரத்தில் ஐம்பத்தெட்டு நின்றது. வாழைத்தோட்டத்துக்குள் ஐம்பத்தொன்பது. சமவெளிக்காரர்களுக்கு முதல் நாள் ஒன்றும் புரியவில்லை, இரண்டாம் நாள் பந்தல் போட்டார்கள், மூன்றாம் நாள் அவர்களில் பாதிப் பேர் கம்பவுண்டருக்கே சட்டம் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் பவளம் கட்சி. ஜெயித்தால் நம்ம ஊர்க்காரியாகப் போகிறவள் என்று மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள், பக்கத்து வீடாக வரப்போகிற அம்மாள் கருவேப்பிலைக் கன்று ஒன்றை இப்போதே பதியம் போட்டிருப்பதாகச் சொன்னாள். மலையிலிருந்து ஒரு ஜீப்பில் வந்தவர்கள் ஞானதுரை கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சூசைமாணிக்கம் நின்றார்.

அறுபதாம் கூடை வாய்க்காலை ஒட்டி நின்றது. யானைக்கும் அடி சறுக்கும் என்பது அன்றைக்குப் பவளத்துக்குத்தான். முதல் வீச்சு வாய்க்காலுக்குள் போனது. இரண்டாவதும் வாய்க்கால். மூன்றாவது கரை ஏறி முள்ளில் மாட்டிக்கொண்டது. தட்டுத் தடுமாறி ஆறாவது வீச்சில் முடித்தாள். ஞானதுரையின் முதல் தட்டு கூடைக்குப் பத்தடியில் படுத்திருந்தது. பத்தடி! அந்தத் தூரத்தில் கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுகிறவன். பந்தலில் இருந்தவர்கள் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்கள், மோர்ப் பானையை மூடினார்கள். பவளம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். சரி, முடிந்தது என்று நினைத்தாள்.

சங்கிலிச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். அவன் தட்டு கூடைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அங்கே போய் வீசினான், இந்தப் பக்கம் விழுந்தது. இங்கே வந்து வீசினான், கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்ததும் வெளியே. ஆறாவது வீச்சுதான் உள்ளே விழுந்தது. சரிக்குச் சரி. யாரும் கைதட்டவில்லை. சூசைமாணிக்கம் பேனாவை எடுத்தார், எழுதவில்லை, மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பவளம் எழுந்து போய் அவன் முன்னால் நின்றாள். மனதார வீசும்போதெல்லாம் ஞானதுரை கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வான், இருபது வருஷமாக அவள் பார்த்து வருகிற பழக்கம் அது. பதினெட்டாம் கூடையிலிருந்து அவன் அதைச் செய்யவே இல்லை. களைப்பு என்று இவளாகவே நினைத்திருந்தாள்.

"எத்தன நாளா இது?" என்றாள்.

அவன் தட்டில் ஒட்டியிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தான்.

"ஏங்க, ஒங்களத்தான் கேக்கறேன். எத்தன கூடையா?"

"மொத நாளே பதினெட்டுல போட்டிருக்கலாம் புள்ள" என்றான். "போட்டா ஒம் மொகத்துல முழிக்க முடியாது. தோத்தா மலைய விட்டு என்னால முடியாது. அதான் ரெண்டுமில்லாம... நீ எத்தன போடுறியோ அத்தன."

"நாப்பத்திரெண்டு நாளு" என்றாள் பவளம். அவள் குரல் ஏறியது, ஜீப்பில் சாய்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "நாப்பத்திரெண்டு நாளு நான் உசுரக் குடுத்து வீசிருக்கேன், நீங்க எனக்குத் தாலாட்டுப் பாடிட்டு வந்திருக்கீங்க! எனக்கு ஒங்க எரக்கமா வேணும்? ஒரு பதிலு வேணும். இதான் ஒன் வழின்னு சொல்லிட்டா கண்ண மூடிட்டு நடந்துருவேன். ஒம்போது வருசமா நடுவுல நிக்கிறேனே, அதாங்க முடியல. அதத்தான் நாப்பத்திரெண்டு நாளா நீட்டிவிட்டிருக்கீங்க."

ஞானதுரை அழுதான். நடுக்களத்தில், அத்தனை பேர் பார்க்க, மேல்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அப்படியும் அவளுக்குக் கோபம் இறங்கவில்லை. மலைக்காரர்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள், போகும்போது அவனிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. அன்று முழுக்க அவன் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தது பவளம்தான். சொம்பை ணங்கென்று கீழே வைத்தாள், ஆனால் கொடுத்தாள். "நாளைக்கு ஒழுங்கா வீசுங்க" என்றாள். "ஒழுங்கா வீசுனா நான்தான் ஜெயிப்பேன் பவளம்." "தெரியும். வீசுங்க."

அறுபத்தொன்று அவளுடைய மூன்று சென்ட்டில் நின்றது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சமவெளிக்காரர்கள் துள்ளினார்கள், சொந்த மண் கைவிடாது என்றார்கள். கிழக்கு மூலையில், அவள் மனசுக்குள் அடுப்பு வைத்திருந்த அதே இடத்தில் கம்பம் செங்குத்தாக நின்றது. ரோட்டுப் பாலத்தில் நின்று வீச வேண்டும், இரண்டு வரிசைத் தென்னைக்கு நடுவே போய், ஒரு மாட்டுக்கொட்டகைத் தகரத்துக்கு மேலே ஏறி, வேலியைத் தாண்டி இறங்க வேண்டும். இதற்கு நடுவில் கணவாய்க் காற்று வேறு, தென்னையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. பதிமூன்றாம் கூடையெல்லாம் இதற்கு முன்னால் பச்சைக் குழந்தை.

பவளம் முதலில் வீசினாள். அவள் ஆயுசில் அப்படி ஒரு வீச்சு வீசியதில்லை. தட்டு வலப்பக்கம் சாய்ந்து காற்றுக்குக் கன்னத்தைக் கொடுத்து, தென்னைக்கு நடுவே புகுந்து, தகரத்துக்கு ஒரு சாண் மேலே போய், வேலியைத் தாண்டி அவள் மண்ணில் விழுந்தது. கூடைக்கு முப்பதடி. பந்தல் கூத்தாடியது. ஞானதுரையின் தட்டு ஒரு தென்னை மட்டையை உரசி, வேலிக்குள் விழுந்தது. நாற்பதடி. தூரத்தில் இருப்பவன்தான் முதலில் வீச வேண்டும். அவன் கால் வைத்து நின்றான். அவளை ஒருமுறை பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டான்.

சங்கிலி மொத்தமும் சிலிர்த்தது. இரண்டு.

இப்போது இவள் போட்டால் சமம். நாளைக்கு இன்னொரு கூடை நிற்கும், நாளன்றைக்கு இன்னொன்று. இவள் அதையெல்லாம் நினைக்கவில்லை, முப்பதடியை மட்டும் பார்த்தாள், காற்று ஓய்கிற வரைக்கும் பொறுத்தாள், வீசினாள். தட்டு நேராகப் போய்ச் சங்கிலியின் நடுவில் பட்டது, பட்டு ஒரு சுற்றுச் சுற்றி, கூடையின் விளிம்பில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, வெளியே விழுந்தது.

பவளம் தன் சமையலறைக்குள் நடந்து போய், கூடைக்குள் கையை விட்டு அவன் தட்டை எடுத்தாள். துடைத்தாள். கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். ஜெயித்தவன் வாயைத் திறந்து சொன்னால்தான் தீர்ப்பு. அவன் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. சூசைமாணிக்கம் "சத்தமா" என்றார்.

"மேல போறோம்" என்றான் ஞானதுரை.

சூசைமாணிக்கம் எழுதிக்கொண்டார். கருவேப்பிலைக் கன்று பதியம் போட்ட அம்மாள் மூக்கைச் சிந்தினாள். பவளம் அக்காவிடம் நிலத்தை வேறு யாருக்காவது எழுதிக்கொடுத்துவிடச் சொன்னாள், அக்கா திட்டினாள், திட்டி முடிகிற வரை நின்று கேட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவளுக்கு ஜன்னல் ஓரம், அவனுக்குப் பக்கத்தில். அடிவாரம் தாண்டி மூன்றாம் வளைவு வரைக்கும் தாங்கியவள் அதற்கப்புறம் அழுதாள். மறைத்துக்கொள்ளாமல், விக்கி விக்கி அழுதாள். அந்தச் சமையலறைக்காக அழுதாள், அந்த ஜன்னலுக்காக அழுதாள், விளிம்பு வரைக்கும் வந்து விழுந்த தட்டுக்காக அழுதாள். ஞானதுரை அவளைப் பார்த்தான். எழுந்து நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்டக்டர்ட்ட நிறுத்தச் சொல்லட்டுமா பவளம்? எறங்கிருவோமா?" என்றான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"ஜெயிச்சவரு ஜெயிச்ச மாதிரி உக்காருங்க" என்றாள்.

அவன் உட்கார்ந்தான். பஸ் அடுத்த வளைவில் திரும்பியது. அவள் பைக்குள்ளிருந்து சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு, நாளைக்குப் பெரட்டு எத்தனை மணிக்கு என்று அவனிடம் கேட்டாள்.